பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நியாய விலை எது? சுங்கை சிப்புட் எம்ஜிபியை முன்வைத்து

தம்பி, அந்த 1966 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு 85,000 ரிங்கிட் அதிகம். எவ்வளவு அதிகம் என்பது நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று கிராண்ட் (வாகனப் பதிவுப் பத்திரம்), இன்னொன்று கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற தகரப் பகுதி. எஞ்சின் ஓடுமா என்பது மூன்றாவது கேள்விதான். காடி (கார்) பார்க்கப் போகிற பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சாவியைத் திருகுவார்கள், பிறகு பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள், முன்பணம் கொடுத்த பிறகுதான் கிராண்டைக் கேட்பார்கள்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவர், ஊர் திரும்பிய துரையிடம் வாங்கிய காடி இது. 1966 எம்ஜிபி, மடிக்கும் துணிக்கூரை, கம்பி வீல். கிராணியார் காலமாகிவிட்டார். காடி பல வருடமாகத் தோட்டத்து உர ஸ்டோரில் நிற்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மகன் 85,000 கேட்கிறார். "ரேர் காடி, இங்கிலாந்தில் என்ன விலை போகிறது தெரியுமா" என்பது அவர் தரப்பு. நியாயமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த "ரேர்". எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். ஃபெராரி 250 ஜிடிஓ 36தான், டொயோட்டா 2000ஜிடி 351தான். எண்ணிக்கையில் அவைதான் அரிது. எண்ணிக்கை குறைந்தால் மட்டும் விலை ஏறிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் தேடாத காரில் உலகத்திலேயே பத்துதான் மிச்சம் என்றாலும் வாங்க ஆள் வராது. எம்ஜிபியை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள், ஆனால் உலகம் முழுக்கக் கிடைக்கவும் செய்கிறது.

இங்கே குறைவாக இருப்பதற்குக் காரணம் வேறு. வெளியிலிருந்து பழைய கார் கொண்டு வர ஏபி என்ற இறக்குமதி அனுமதி வேண்டும். அதன் மேல் இறக்குமதி வரி, கலால் வரி, 10 விழுக்காடு விற்பனை வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். கலால் வரி மட்டுமே எஞ்சின் அளவைப் பொறுத்து 105 விழுக்காடு வரை போகும். கப்பல் கூலியையும் சேர்த்தால் அங்கே வாங்கிய விலை இங்கே இறங்கும்போது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இன்னொன்று, எம்ஜிபியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அவை இடது பக்க ஸ்டீயரிங், இங்கே பொதுவாகப் பதிவு செய்து ஓட்ட முடியாது. ஆகவே அமெரிக்க ஏல விலையைக் காட்டி யாராவது பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வலது ஸ்டீயரிங், உள்ளூர் பதிவு, உயிரோடு இருக்கும் கிராண்ட் மூன்றும் சேர்ந்த எம்ஜிபிக்கு இங்கிலாந்து விலையை விடக் கூடுதல் விலை உண்டு. அது நியாயமான கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் முழுவதும் கிராண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கிராண்டில் சிக்கல் என்றால் நீங்கள் வாங்குவது காடி அல்ல, ஸ்பேர் பார்ட்ஸ்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் இருக்கிறது. பதிவு காலமானவர் பெயரில் இருக்கிறது. மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றாது. வாரிசு உரிமைக்கான உத்தரவு வேண்டும். அது நீதிமன்றத்திலிருந்து வரலாம், சிறு சொத்து அலுவலகத்திலிருந்தோ அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்திலிருந்தோ வரலாம். இன்னும் அக்காள் தங்கை இருந்தால் அவர்கள் சம்மதமும் தேவைப்படலாம். இந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுக்க வேண்டும். "நீங்க வாங்கிட்டுப் பார்த்துக்கோங்க அண்ணே" என்று அவர் சொன்னால் விலை பாதிக்கும் கீழே இறங்க வேண்டும், அப்போதும் முழுப் பணமும் கைமாறக் கூடாது.

அடுத்தது ஜேபிஜே பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. பல ஆண்டு ரோட் டாக்ஸ் கட்டாத வண்டி. பழைய புத்தகக் கிராண்ட் கையில் இருப்பது மட்டும் போதாது, எண் கணினியில் வர வேண்டும். விற்பவரையே கூட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கிய காடிகள்தான் பல பட்டறைகளின் பின்புறம் கிடக்கின்றன.

பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை உண்டு. அங்கே பார்ப்பது பிரேக் அழகை அல்ல. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் கிராண்டோடு ஒத்துப் போகிறதா, யாராவது தேய்த்து மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். ஆகவே நீங்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணிக்கூரை எம்ஜிபியில் 1967 கடைசி வரை சேசிஸ் நம்பர் ஜிஎச்என்3 என்று தொடங்கும். அதற்குப் பிறகு வந்த இரண்டாம் வகை ஜிஎச்என்4. கூரை பொருத்திய ஜிடி என்றால் என் இருக்கும் இடத்தில் டி வரும். 1966 என்று சொல்லி ஜிஎச்என்4 தகடு ஒட்டியிருந்தால் எங்கேயோ கதை மாறியிருக்கிறது. இது ரிவெட் அடித்த தகடு என்பதால் ரிவெட்டுகளைக் கவனியுங்கள். சுற்றிலும் அறுபது வருடப் பெயிண்டும் நடுவில் பளபளக்கும் புது ரிவெட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

எஞ்சின் நம்பர் பிளாக்கின் பக்கவாட்டில் சிறு தகட்டில் இருக்கும். 1966க்கு 18ஜிபி என்ற முன்னெழுத்து சரி. கிராங்கை ஐந்து பேரிங் தாங்கும் எஞ்சின் அது, 1964 கடைசியில் வந்தது. அதற்கு முன் மூன்று பேரிங். 18வி என்று இருந்தால் 1971க்குப் பிறகான எஞ்சின் ஏறியிருக்கிறது. எஞ்சின் மாற்றியது குற்றமல்ல, பல காடிகளில் மாறியிருக்கும். ஆனால் மாற்றம் கிராண்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பி5 தாண்டாது. ஏறியிருந்தாலும் "ஒரிஜினல்" என்ற பேச்சுக்கு இனி விலை கிடையாது.

ஒரிஜினலா என்று அறிய எம்ஜி விஷயத்தில் ஒரு நல்ல வழி உண்டு. இங்கிலாந்தின் கேடன் ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பேரேடுகள் பத்திரமாக இருக்கின்றன. சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்தக் கார் எந்தத் தேதியில் செய்யப்பட்டது, என்ன நிறம், எஞ்சின் நம்பர் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். துரை நேராக வரவழைத்த காடி என்று விற்பவர் சொன்னால், அந்தச் சொல்லுக்கு விலை வேண்டுமானால் அந்தத் தாள் வேண்டும். தாள் இல்லாமல் துரை கதைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கூட்டாதீர்கள்.

நம்பர் பிளேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பேராக் "ஏ" எண், அதுவும் சிறு எண் என்றால் எண்ணுக்கே தனி விலை உண்டு. எண்ணை வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆகவே 85,000இல் எண் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மகன் எண்ணைத் தன் காருக்கு எடுத்துக்கொண்டு எம்ஜிபியை மட்டும் தருவதாக இருந்தால் கணக்கே வேறு.

இப்போது தகரம். எம்ஜிபிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (பிரேம்) கிடையாது, உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவச் சில்தான் கூரையில்லாத காரின் முதுகெலும்பு. அது ஒரு தகடு அல்ல. வெளித்தகடு, நடுவில் ஒரு தடுப்புத்தகடு, கீழே காஸல் ரெயில் என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளியிலிருந்து தெரிவது வெளித்தகடு மட்டும். உள்ளே இருப்பவை உதிர்ந்து போயிருக்க, வெளியில் மட்டும் புதுத்தகடு ஒட்டி, பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்து விற்பது பழைய தந்திரம்.

கண்டுபிடிக்க ஒரு ஐம்பது காசும் ஒரு ட்ரோலி ஜாக்கும் போதும். சமதரையில் காரை நிறுத்தி, கதவை மூடி, கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. நாணயத்தை மேலேயும் கீழேயும் நுழைத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். பிறகு ஜாக் வைக்கும் இடத்தில் ஒரு பலகை கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். பலகைக்கு மேலே தகரம் நசுங்கி மொறுமொறு சத்தம் வந்தால் அங்கேயே இறக்கிவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. தூக்கியபின் அதே இடைவெளியை அதே நாணயத்தால் மறுபடி பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, கதவைத் திறந்து மூடும்போது பிடித்தாலோ சில் செத்துவிட்டது. உறுதியான காரில் கதவு முன்போலவே மூடும்.

காந்தம் கொண்டு போங்கள். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயிண்டில் கீறல் விழாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பென்டரின் அடிப்பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி, முன் பென்டரின் மேல் விளிம்பு: இவைதான் சேறும் நீரும் தங்கும் இடங்கள். காந்தம் வழுக்கினால் உள்ளே பட்டி. பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான், மேலே ஒரு முறை அடித்தால் 200, 300. ஆயிரம் தாண்டினால் நீங்கள் பார்ப்பது சிற்பம். ஆனால் ஒன்று, 1966 எம்ஜிபியின் போனட் அலுமினியம், காந்தம் ஒட்டவே கூடாது. ஒட்டினால்தான் பிரச்சினை: பிற்காலத்து இரும்பு போனட் மாட்டியிருக்கிறார்கள், முன்பக்கம் இடிபட்ட கதை இருக்கலாம்.

சீட்டுக்குப் பின்னால் தரைப்பலகையைத் தூக்கினால் இரண்டு பாட்டரிப் பெட்டிகள். இந்த வருடக் காரில் 6 வோல்ட் பாட்டரி இரண்டு. பெட்டியின் அடி ஓட்டை என்றால் பக்கத்திலேயே இருக்கும் பின் ஸ்பிரிங் தாங்கியையும் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்துதான் போகும். ஸ்பிரிங் தாங்கி போனால் அது அழகுக் குறை அல்ல, உயிர் ஆபத்து.

உர ஸ்டோரில் நின்ற காடி என்கிறீர்கள். கூரை இருந்தது, மழை படவில்லை என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். செம்பனைத் தோட்டத்தில் கிலோ கிலோவாகப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. அதன் தூசி சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் படிந்து, நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் தகரத்தைத் தின்னும். வெளியில் மழையில் நின்ற கார் மேலிருந்து கீழே துருப்பிடிக்கும், உர ஸ்டோரில் நின்ற கார் உள்ளிருந்து வெளியே. ஆகவே இந்தக் காரில் வெளிப் பெயிண்ட் நன்றாக இருப்பது ஆறுதல் தரக் கூடாது. கதவின் உள்அட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாலு ஸ்குரூ, கொஞ்சம் கிளிப், அவ்வளவுதான். வயரிங்கையும் அப்போதே பாருங்கள். செம்பனைத் தோட்டத்து எலிக்குப் பழைய வயர் பிடித்த சாப்பாடு.

இதே ஊர்ப்பக்கம் யாராவது எம்ஜி டிடி, டிஎப் போன்ற பழைய வகை காட்டினால் கணக்கு வேறு. அவற்றின் பாடி ஆஷ் மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்தது. நம் ஊரில் துருவுக்கு முன்னால் கறையான் வந்துவிடும். கதவுக் கீல் இருக்கும் மரத்தூணில் ஸ்குரூடிரைவர் முனையால் குத்துங்கள், மாவுபோல இறங்கினால் பாடியை முழுதும் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். 1798 சிசி, இரட்டை எஸ்யு கார்புரேட்டர், எளிமையான இரும்பு எஞ்சின். பிஸ்டனிலிருந்து கேஸ்கட் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எம்ஜிபியில் மலிவான பகுதி இதுதான், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். கியரை நியூட்ரலில் போட்டுக் கிராங்க் புல்லியை ஸ்பானரால் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் நல்லது, சுற்றவில்லை என்றாலும் உலகம் முடிந்துவிடாது, முழு ஓவர்ஹால் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்ய விற்பவர் ஒப்புக்கொண்டால் அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் டாங்கில் கிடப்பது இப்போது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். வெளியே ஒரு சிறு கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் கேஜ் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். பாட்டரி மாட்டும்போது கவனம்: தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இந்தக் காரில் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். இன்றைய பழக்கத்தில் கறுப்பு வயரை பாடியில் கவ்வினால் வேலை கெட்டுவிடும். யாராவது நடுவில் மாற்றியிருக்கலாம், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 இருந்தால் எஞ்சின் கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துப் போனால் போதும். இந்த வருட கியர்பாக்ஸில் முதல் கியருக்குச் சின்க்ரோ (கியர் சத்தமின்றி விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஓடும்போது முதல் கியர் போட்டுக் கரகரத்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை ஓட்டத்துக்கான கூடுதல் கியர்) இருந்தால் அது உண்மையான கூடுதல் மதிப்பு, இருந்தும் வேலை செய்யாவிட்டால் பாதி மதிப்பு.

கம்பி வீல் அழகு, ஆனால் ஹப்பின் பல் தேய்ந்திருக்கும். ஒரு சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கிளிக் என்று ஆடினால் ஹப்பும் வீலும் சேர்த்து மாற்ற வேண்டும். நாலுக்கும் கணக்குப் போடுங்கள்.

விலை கட்டும் முறை இனி. நல்ல நிலையில் ஓடும் காரின் விலையிலிருந்து, உங்கள் முன் நிற்கும் காரை அந்த நிலைக்குக் கொண்டு வரும் செலவைக் கழிப்பதுதான் முறை. கேட்கும் விலையிலிருந்து பேரம் பேசி இறங்குவது முறையே அல்ல, அது அவர் வைத்த கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவது.

நல்ல காரின் விலைக்கு விற்ற விலையைத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதமாக அதே படத்தோடு கிடக்கும் விளம்பர விலை, யாரும் கொடுக்காத விலை. ஏல முடிவு என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். அது சுத்தியல் விழுந்த விலையா, வாங்குபவர் கட்டணம் சேர்த்த விலையா? உண்மையில் விற்றதா, அல்லது குறைந்தபட்ச விலையை எட்டாமல் நின்ற கடைசி ஏலத்தொகையா? பிந்தையது விலையே அல்ல. ஹாகர்டி போன்ற விலைக் கையேடுகள் நிலையை 1 முதல் 4 வரை பிரிக்கின்றன. 1 என்பது போட்டி மேடைக்கு நிறுத்தும் கார், 2 மிக நல்ல கார், 3 நன்றாக ஓடும், குறைகள் தெரியும், 4 ஓடும், ஆனால் குறை அதிகம். விற்பவர் எப்போதும் 2இன் விலையைக் காட்டுவார், காடி 4க்குக் கீழே நிற்கும்.

எண் வைத்துப் பார்ப்போம். இவை முறையைக் காட்ட வைத்த எண்கள். ஈப்போவில் இரண்டு பட்டறையிலாவது எழுத்தில் கோட்டேஷன் வாங்கி உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிவு சுத்தமான, 3ஆம் நிலைக் கார் 1,20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சில் மாற்றி, தரை வெல்டிங் செய்து, முழுப் பெயிண்ட் 38,000. எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பெட்ரோல் டாங்க் 14,000. பிரேக், டயர், கம்பி வீல் 6,000. குரோம், சீட், துணிக்கூரை, வயரிங் 9,000. பத்திர வேலை, பரிசோதனை, இழுத்து வரும் லோரி 3,000. மொத்தம் 70,000. இதன் மேல் 25 விழுக்காடு, அதாவது 17,500, பிரித்த பிறகு வெளியே வரும் துருவுக்கு. பிரிக்காத எம்ஜிபியில் இந்தத் தொகையை வைக்காதவர் பழைய கார் வாங்கியதே இல்லை என்று அர்த்தம். 1,20,000இல் 87,500 போனால் 32,500. அவ்வளவுதான் இந்தக் காரின் விலை. சில் உறுதியாக இருந்து, எஞ்சின் சுற்றி, வாரிசு உத்தரவை அவரே எடுத்துக் கொடுத்தால் 38,000இல் பெரும்பகுதி திரும்பி வரும். அப்போது 55,000, 60,000 வரை போகலாம். 85,000க்கு வழி இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இப்படிச் செய்தால் பழுது பார்த்தவனுக்கு லாபமே இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். எம்ஜிபி வகைக் காரைக் கூலி கொடுத்துச் செய்து விற்றால் பெரும்பாலும் நஷ்டம், அதனால்தான் யாரோ செய்து முடித்த காரை வாங்குவது எப்போதும் மலிவு. கையில் வெல்டிங் தெரிந்து, நேரம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். பாடி முழுவதும் போய்விட்டால் புது எம்ஜிபிக் கூடு 1988 முதல் இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உடம்பே சட்டமாக இருக்கும் காரில் கூட்டை மாற்றுவது, ஜேபிஜே பார்வையில் சேசிஸ் மாற்றுவதுதான். முன் அனுமதியில்லாமல் செய்தால் கையில் அழகான, பதிவில்லாத கார் மிஞ்சும்.

வைத்திருக்கும் செலவும் விலைக்குள் உட்காரும். தீபகற்பத்தில் தனியார் கார் ரோட் டாக்ஸ் சிசியைப் பொறுத்தது. வழக்கமான விகிதத்தில் 1798 சிசிக்கு 200 ரிங்கிட்டோடு 1600க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு, ஆக 279.20. 2393 சிசி டட்சன் 240இசட்டுக்கு 773. ஜாகுவார் இ-டைப் 3781 சிசிக்கு 5,644.50. இ-டைப் வாங்க ஆசைப்படுபவர் நூறு பேர் என்றால் வருடா வருடம் இதைக் கட்டத் தயாரானவர் மிகச் சிலர். பேங்க் லோனும் இந்த வயதுக் கார்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது, எல்லாம் ரொக்கம். வாங்கும் ஆள் குறைவு, விற்க மாதக்கணக்காகும். இதுவும் விலையை இறக்கும் காரணம், விற்பவரிடம் மரியாதையாகச் சொல்லலாம்.

எம்ஜிபியில் போலி குறைவு, விலை அதற்கு ஏற்றதல்ல. மேலே போகப் போகத்தான் போலி. இரண்டு கதவு கொண்ட முதல் தலைமுறை நிஸ்ஸான் ஸ்கைலைன் 2000ஜிடி-ஆர் என்று வந்தால் சேசிஸ் கேபிஜிசி10 என்று தொடங்க வேண்டும், வெறும் கேஜிசி10 என்றால் சாதாரண 2000ஜிடிக்கு உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். மினி கூப்பர் எஸ், எஸ்கார்ட் ஆர்எஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். பேட்ஜ் நூறு வெள்ளி, விலை வித்தியாசம் லட்சம். இந்தக் கார்களில் சேசிஸ் முன்னெழுத்தை ஒத்துப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

மகனிடம் எப்படிப் பேசுவது? அப்பா காடி, ஆசை இருக்கும். "தகரம் போச்சு" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். பட்டறைக் கோட்டேஷனை அவர் கையில் கொடுத்து, அவரே படிக்கட்டும். விலையைப் பற்றிய பேச்சு பிறகு தானாக வரும். அவர் 60,000க்குக் கீழே வரவே மாட்டேன் என்று நின்று, உங்களுக்கும் காடி வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஆசைக்கான செலவு என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள், முதலீடு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

ஒத்துக்கொண்டால் முன்பணம் 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். ரசீதில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பதிவு எண், எண் காரோடு வருகிறது என்ற வாசகம், வாரிசு உத்தரவு விற்பவர் பொறுப்பு, பி5 தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வாசகம், இத்தனையும் இருக்க வேண்டும். மீதிப் பணம் பெயர் மாறிய அன்று, ஜேபிஜே கவுன்டரிலேயே. அதுவரை காடி உர ஸ்டோரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். இந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அவருக்கும் நம்பிக்கை வரும்.